போவிஸ் கோட்டையும் தோட்டமும்

'எஸ்டேட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு நீலகிரியும் ஆனைமலையும், அங்கே சரிவு சரிவாகப் படர்ந்திருக்கும் தேயிலையுமே நினைவுக்கு வரும். சென்னைவாசிகளுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரலாம். மௌண்ட் ரோடு ஓரத்தில், ஆங்கிலத்தில் 'கவர்ன்மெண்ட் எஸ்டேட்' என்றும் தமிழில் 'அரசினர் தோட்டம்' என்றும் வழங்குகிற இடம் அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களை இந்தச் சொல் பல தடவை திண்டாட வைத்திருக்கிறது. ஓரிடத்தில் அது சொத்து, மற்றோரிடத்தில் இறந்தவர் விட்டுச் சென்ற உடைமை, இன்னோரிடத்தில் ஜமீன், வேறோரிடத்தில் தோட்டம். பிரிட்டனில் ஒரு நாட்டுப்புற எஸ்டேட்டைப் பற்றிப் பேசும்போது இந்தப் பொருள்கள் யாவும் ஒருங்கே அதனுள் அடங்கிவிடுகின்றன. பிரபுவின் மாளிகை, அதைச் சூழ்ந்த பூந்தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் மான்கள் மேயும் திறந்தவெளி, அதற்கும் அப்பால் குடியானவர்கள் குத்தகை செலுத்தி உழுத நிலங்கள், காடுகள் ஆகிய இவ்வளவும் சேர்ந்ததே எஸ்டேட்.

இத்தகைய இடங்களைச் சென்று பார்ப்பது இன்று அந்நாட்டு மக்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நாம் ஆனி, ஆடி மாதங்களில் சாரலை நாடிக் குற்றாலத்துக்குப் போவதில்லையா? அவ்வாறே அவர்கள் வசந்தத்தில் டாஃபடில் மலர்களுக்காகவும், இலையுதிர் காலத்தில் மரங்கள் நிறம் மாறும் காட்சிக்காகவும், குழந்தை குட்டிகளோடும், நம் கட்டுச்சாதத்துக்கு நிகரான ரொட்டிப் பொட்டலங்களோடும் புறப்பட்டுவிடுகிறார்கள். பருவத்துக்கேற்ற உலாக்களும் ஏற்பாடாகின்றன. சில இடங்களில் தோட்டக்காரர்களே முன்னின்று அழைத்துச் சென்று, எந்தச் செடியை எப்போது வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று விளக்குவதும் உண்டு.

பிரபுக்களின் கதவுகள் இப்படிப் பொதுமக்களுக்கு அகலத் திறந்துகொண்டது தாராள மனப்பான்மையினால் மட்டும் அன்று. இருபதாம் நூற்றாண்டில் இறப்பு வரி ஏறிக்கொண்டே போயிற்று. 1949-இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு அது நூற்றுக்கு 80 வரை எட்டியது. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. எஞ்சியவற்றுள் பலவற்றை 1895-இல் தோன்றிய 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் அறநிறுவனம் ஏற்றுக்கொண்டது. மாளிகையையும் அதைப் பராமரிக்க வேண்டிய முதலையும் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தார் அங்கேயே தொடர்ந்து வசிக்கலாம் என்று 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. இன்று அந்நிறுவனத்தின் அங்கத்தினர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

இந்த வகை எஸ்டேட்டுகளில் நான் இன்று எடுத்துக்கொண்டது வேல்ஸ் நாட்டிலுள்ள போவிஸ் கோட்டை. அலுவல் நிமித்தமாக லண்டன் சென்றவனுக்கு இடையில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. அதில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினேன். இதைவிடப் பெரிய மாளிகைகளும் புகழ் வாய்ந்த தோட்டங்களும் லண்டனுக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆயினும் தமிழ் பேசுகிற ஒருவர் பார்க்க வேண்டிய எஸ்டேட் எது என்று கேட்டால் நான் போவிஸையே சொல்வேன். அதன் காரணம் போகப் போகப் புலப்படும்.

பர்மிங்ஹாமில் வண்டி மாறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வெல்ஷ்பூல் என்னும் சிறிய ஊரை அடையலாம். ஊரைக் கடந்து, முதிர்ந்த ஓக் மரங்கள் நிற்கும் மான்வெளியின் ஊடே சுமார் ஒரு மைல் நடந்தால் கோட்டை. வாடகை வண்டியில் போகிறவர்கள் இந்த ஒரு மைலை இழந்துவிடுகிறார்கள். வழி திரும்பத் திரும்பக் கோட்டை ஒரு கணம் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். செந்நிறக் கற்களால் கட்டியதால் வேல்ஸ் மொழியில் அதற்குச் செங்கோட்டை என்றே ஒரு பெயர் உண்டு. டில்லியில் வசிக்கும் எனக்கு இந்தப் பெயரைக் கேட்டுப் புன்னகை வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு வேல்ஸ் சிற்றரசர் இதனை எழுப்பினார். 1587-இல் ஹெர்பர்ட் குடும்பத்தார் விலைக்கு வாங்கினர். வாயில் முற்றத்தில் மயில்கள் சுதந்திரமாக உலாவுகின்றன. ஊரார் அதைக் கண்டு வியந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, நம் பறவை குளிர்காற்றைப் பொருட்படுத்தாமல் கற்படியில் நின்று கூவிக்கொண்டிருந்தது.

தோட்டத்தின் தனிச் சிறப்பு அதன் படித்தளங்கள். கோட்டை ஒரு பாறை முகட்டின்மேல் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாறையைத் தென்கிழக்குப் பக்கம் வெட்டிச் செதுக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்ட தளங்களை அமைத்தனர். இத்தாலிய, பிரெஞ்சுத் தோட்டங்களைக் கண்டு வந்தவர்களின் ரசனை அது. ஒரு தளத்தில் ஆடிப்பாடும் இடையர்களும் இடைச்சிகளுமாக ஈயத்தில் வார்த்த உருவங்கள். அதன் கீழே, குளிர் தாங்காத ஆரஞ்சு மரங்களைக் காப்பதற்கென்று கட்டிய மண்டபம். பாறை பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால், அந்தப் பிரதேசத்தில் பிழைக்காத மென்மையான செடிகளும் இந்தச் சுவரோரங்களில் பிழைக்கின்றன. மே மாதக் கடைசியில் விஸ்டீரியாக் கொடி சுவரெங்கும் ஊதாச் சரங்களாகத் தொங்கும் என்கிறார்கள். கோடைக்காலப் பூவரிசைகளைக் காண்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து வருவோர் உண்டு. தளங்களின் கீழே ஒருகாலத்தில் நீரூற்றுகளும் தடாகங்களும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை அகற்றிப் பெரும்புல்வெளியாக மாற்றிவிட்டனர்.

ஆனால் நான் போனது செப்டம்பர் மாதக் கடைசி. பூக்கள் ஓய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பருவத்தில் கண்ணை நிறுத்துபவை 'யூ' மரங்கள். யூ என்பது ஊசி போன்ற இலைகளையுடைய, கரும்பச்சை நிறமான, மிக மெதுவாக வளர்கிற மரம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அவற்றைச் சிறு கூம்புகளாகக் கத்தரித்து வரிசையாக நட்டார்கள். பிறகு ரசனை மாறிற்று. கத்தரித்த மரங்கள் நாகரிகமற்றவை என்று ஒரு தலைமுறை எண்ணியது. மரங்கள் தம் போக்கில் வளர்ந்தன. பின் வந்தவர்கள் அவற்றை மறுபடியும் கத்தரிக்கத் தொடங்கியபோது, பழைய கூம்பு வடிவம் திரும்பவில்லை. வளர்ந்த உருவத்தையே வழவழப்பாக்க முடிந்தது. ஆகவே இன்று அவை கூம்பும் அல்ல, குன்றும் அல்ல. மாவைப் பிசைந்து உருட்டி வைத்தாற்போலவும், படுத்திருக்கும் யானைகளின் முதுகுபோலவும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, தளத்தின் விளிம்பைத் தாண்டி வழிகின்றன. ஒரு பக்கத்து வேலி முப்பது அடி உயரம் எழும்பி நிற்கிறது. முற்காலத்தில் ஏணிகளைச் சார்த்தி, கைக்கத்தரியால் ஆட்கள் பலர் மாதக்கணக்கில் செய்த வேலையை, இப்போது இயந்திரக் கரத்தின் நுனியிலுள்ள கூடையில் நின்றபடி ஓரிருவர் வாரக்கணக்கில் செய்கிறார்கள். கோடை முடிகிற சமயத்தில் தொடங்கும் இந்தக் க்ஷவரம், இலையுதிர் காலம் முழுவதும் நீடிக்கும். கீழே விழும் பசிய தூளின் வாசனை தளமெங்கும் பரவியிருந்தது.

எதிரே ஒரு மரச்செறிவான மேடு இருக்கிறது. அதற்கு 'வைல்டர்னஸ்' என்று பெயர். அகராதியைப் பார்த்து இதை 'வனாந்தரம்' என்று மொழிபெயர்த்தால் பெரிய பிழையாகும். தானாக முளைத்ததுபோல் தோன்றுமாறு, ஆனால் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிப் பார்த்து நட்ட நந்தவனம் அது. அதன் நிழற்பாதைகளில் சுற்றி வந்து ஓரிடத்தில் வெளிப்பட்டால், முழுக் கோட்டையும் தளங்களும் யூ மரங்களும் ஒரே பார்வையில் எதிரே நிற்கின்றன. வலப்புறம் செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதற்கப்பால் நீலமாக மலைகள். வந்தவர் எல்லோரும் அங்கே சற்று மௌனமாக நின்றதைக் கவனித்தேன்.

இனி உள்ளே செல்வோம்.

தோட்டத்தை ரசித்துவிட்டுக் கோட்டைக்குள் நுழைகிற நம் நாட்டவர் ஓர் அறையில் திகைத்து நிற்க நேரிடும். அதற்குக் கிளைவ் காட்சிச்சாலை என்று பெயர். 1987-இல் திறந்தது. இந்தியாவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இந்தக் குடும்பத்தின் சேகரத்தில் உள்ளன. தந்தப் பிடியிட்ட வாள்கள், பொன்னும் மணியும் இழைத்த பாத்திரங்கள், ஹுக்காக்கள், தெய்வத் திருவுருவங்கள், பட்டாடைகள். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிங்காசனத்தை அலங்கரித்த புலித்தலைகளுள் ஒன்று, பொன்னில் மாணிக்கமும் மரகதமும் பதித்தது, இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. 1799 மே 4-ஆம் தேதி கோட்டை வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தபின், அந்தச் சிங்காசனத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அன்னா டொனெல்லி என்னும் இத்தாலியச் சித்திரக்காரி, திப்பு அதே சிங்காசனத்தில் அமர்ந்திருப்பதுபோல் ஒரு படம் வரைந்தாள். அரசனும் இல்லை, ஆசனமும் இல்லை. படம் மட்டும் இந்த மாளிகையில் இருக்கிறது.

திப்புவின் கூடாரம் என்று பெயர் பெற்ற துணிக்கூடாரமும் இங்கே வந்துசேர்ந்த பொருள்தான். பருத்தித் துணியில் சாயத்தால் எழுதிய வேலைப்பாடு. வளைவு மாடங்கள், அவற்றுள் பூச்சாடிகள். ஆங்கிலத்தில் 'சிண்ட்ஸ்' என்பார்கள். நம் பாட்டிமார் சீட்டித் துணி என்றார்களே, அதே குடும்பத்துச் சொல். அது பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அதாவது திப்பு பிறப்பதற்கும் முன்பே, செய்யப்பட்டதாக ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 2015-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் நடந்த இந்தியத் துணிகளின் கண்காட்சிக்கு இதைக் கொண்டுசென்றிருந்தார்கள். அதற்கு நெடுங்காலம் முன்பு, இந்தத் தோட்டத்தில் விருந்துகள் நடக்கும்போது இதையே பந்தலாகக் கட்டியிருக்கிறார்கள். சற்று முன் நான் வருணித்த புல்வெளிகளில், தேநீர்க் கோப்பைகளுக்கு மேலே, ஓர் அரசனின் பாளையக் கூடாரம்.

இவை இங்கே எப்படி வந்தன? சீமையிலுள்ள அரும்பொருட்சாலைகளின் குறிப்புகளில் வழக்கமாகச் சில வினைச்சொற்கள் காணப்படும். 'கிடைத்தது', 'பெறப்பட்டது', 'சேகரிக்கப்பட்டது'. செயப்பாட்டு வினையின் வசதி என்னவென்றால், செய்தவன் பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். அரசாங்கக் காகிதங்களை நாள்தோறும் மொழிபெயர்ப்பவனுக்கு இந்த வசதி நன்றாகத் தெரியும். 'லூட்' என்னும் நம் நாட்டுச் சொல்லை ஆங்கிலேயர் தம் அகராதியிலேயே ஏற்றிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அகராதியில் ஏறிய சொல் கண்ணாடிப் பெட்டியின் மேலுள்ள சீட்டில் ஏறுவதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.

செய்தவர் யார் என்பதை நாமே சொல்லிக்கொள்வோம். ராபர்ட் கிளைவை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். 1744-இல் சென்னைக் கோட்டையில் வந்திறங்கிய கம்பெனிக் குமாஸ்தா. 1751-இல் ஆர்க்காட்டில் புகழ் பெற்றவர். 1757-இல் பிளாசியில் வென்று வங்காளத்து நவாபிடமிருந்து தமக்கென்று 2,34,000 பவுன் பெற்றவர். அவர் போவிஸில் வாழ்ந்ததில்லை, 1774-இலேயே மாண்டுபோனார். அவருடைய மூத்த மகன் எட்வர்ட் கிளைவ் 1784-இல் ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண்ணாகிய ஹென்றியெட்டாவை மணந்தார். பழைய பட்டம் ஒரு பக்கம், புதிய செல்வம் மறு பக்கம். கடனிலும் கவனிப்பின்மையிலும் தளர்ந்திருந்த கோட்டையைக் கிளைவின் பணம் தூக்கி நிறுத்தியது. 1801-இல் ஹென்றியெட்டாவின் சகோதரர் மணமாகாமலே இறந்தார். 1804-இல் போவிஸ் பிரபு என்ற பட்டம் எட்வர்டுக்கு வந்தது. அவர் மகனோ சொத்துக்காகக் கிளைவ் என்ற பெயரையே 1807-இல் விட்டு ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டான். பெயர் போயிற்று, பணமும் பொருளும் நின்றன.

இந்த எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். அந்த ஐந்து ஆண்டுகளைத் தமிழர் எவரும் மறக்க முடியாது. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது சென்னையில் கவர்னர் இவரே. 1801 ஜூலை 31-ஆம் தேதி உடன்படிக்கையினால் கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனியின் கைக்கு மாறி, ஆர்க்காட்டிலிருந்து திருநெல்வேலி வரை தமிழகத்தின் பெரும் பகுதி அதன் நேர் ஆட்சிக்குள் போனபோதும் இவரே. அதே ஆண்டு அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் தூக்கிலேறியபோதும் இவரே. கோட்டையைச் சுற்றிப் பார்க்கிற வெள்ளைக்கார நண்பர்களுக்கு அவர் தந்தையின் நிழலில் மறைந்த ஒரு சாதுவான பிரபு. நாம் மட்டுமே அவரை வேறு விதமாக அறிவோம்.

தொடக்கத்தில் சென்னை அரசினர் தோட்டத்தைக் குறிப்பிட்டேன். அங்கே விசாலமான படிக்கட்டோடும் வெண்மையான தூண்களோடும் நிற்கிற ராஜாஜி மண்டபம் இந்த எட்வர்ட் கிளைவ் கட்டுவித்ததுதான். கம்பெனியின் வான நூலறிஞராகிய கோல்டிங்ஹாம் அதை வகுத்தார், 1802-இல் திறந்தார்கள். பிளாசி வெற்றிக்கும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் அது நினைவுச் சின்னம். தந்தையின் வெற்றி ஒன்று, தம் காலத்து வெற்றி ஒன்று. ஒரே மனிதர் வெற்றியின் அடையாளத்தைச் சென்னைத் தோட்டத்தில் நிறுவினார். வெற்றியின் பொருளைப் போவிஸ் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றார். ஆகவே போவிஸுக்குச் செல்ல வசதியில்லாத நேயர்கள் வருந்த வேண்டியதில்லை. அந்தக் கதையின் பாதி மௌண்ட் ரோடிலேயே இருக்கிறது.

2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பிலுள்ள இடங்களில் 93 இடங்கள் அடிமை வியாபாரத்தோடும் குடியேற்ற ஆதிக்கத்தோடும் தொடர்புடையவை என்று அதில் ஒப்புக்கொண்டது. போவிஸ் அவற்றுள் ஒன்று. இதனால் பெரும் கூச்சல் எழுந்தது. பூவைப் பார்க்க வந்தவர்களுக்குப் பாவக் கணக்கை வாசித்துக் காட்டுவதா என்று அங்கத்தினர் சிலரும் பத்திரிகைகள் சிலவும் சீறின. அறநிலையங்களைக் கண்காணிக்கும் அதிகார சபை விசாரித்து, அறிக்கை வெளியிட்டதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்று 2021-இல் முடிவு கூறியது.

என் கருத்தைக் கேட்டால், சீறியவர்கள் தம் தோட்டத்தைத்தான் குறைவாக மதித்தார்கள் என்பேன். யூ மரத்தின் வயதைச் சொன்னால் அதன் அழகு குறைகிறதா? பாறையை வெட்டிய கதையைச் சொன்னால் தளத்தின் அழகு குறைகிறதா? அப்படியிருக்க, அதைச் செப்பனிட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் மட்டும் ஏன் குறைய வேண்டும்? புலித்தலையைத் திருப்பித் தருவதா இல்லையா என்பது அரசுகளும் சட்டமன்றங்களும் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். சீட்டிலுள்ள வினைச்சொல்லைத் திருத்துவதற்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. அதேபோல், இத்தகைய இடத்தை மிதிப்பதே தகாது என்று சொல்லும் நம்மவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நம் கைவினைஞர்களின் வேலை அங்கே இருக்கிறது. அதை அடையாளம் கண்டு சொல்ல நாம் போகாவிட்டால் யார் போவார்கள்?

ஹென்றியெட்டாவைப் பற்றி இரண்டொரு வார்த்தை. கவர்னரின் மனைவி என்று கோட்டைக்குள் அடைந்து கிடக்கவில்லை அந்த அம்மாள். 1800-ஆம் ஆண்டில் தம் இரு பெண்களையும், மேலே சொன்ன சித்திரக்காரியையும் அழைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர்ச் சீமையிலும் தமிழ்நாட்டிலுமாக ஆயிரம் மைலுக்கு மேல் மாதக்கணக்கில் பயணம் செய்தார். போகிற இடமெல்லாம் செடிகளையும் கற்களையும் சிப்பிகளையும் சேகரித்தார். அந்தப் பயணத்தில் பதின்மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த இளைய மகள் சார்லட், பிற்காலத்தில் நார்தம்பர்லாந்துச் சீமாட்டியாகி, விக்டோரியா இளவரசிக்கு ஆசானாக அமர்ந்தாள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அழகிய செடிக்கு 1828-இல் தாவர நூலார் அவள் பிறந்த குடும்பத்தை வைத்து 'கிளைவியா' என்று பெயரிட்டார்கள். செம்மஞ்சள் நிறப் பூங்கொத்துடன் அச்செடி இன்று நம் மலைவாசத் தலங்களின் தொட்டிகளிலும் பூக்கிறது. குடும்பமே கைவிட்ட பெயர் ஒரு பூவில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிற்காலத்துக் கதை துயரமானது. நான்காவது போவிஸ் பிரபுவின் மனைவி வயலட் அம்மையார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காய்கறித் தோட்டமாக இருந்த இடத்தை மலர்த் தோட்டமாக்கினார். மூத்த மகன் 1916-இல் சோம் போரில் பட்ட காயத்தால் இறந்தான். அம்மையார் 1929-இல் மோட்டார் விபத்தின் விளைவாக இறந்தார். இளைய மகனை 1943-இல் விமான விபத்து கொண்டுபோயிற்று. முதியவர் 1952-இல் கண்மூடியபோது கோட்டையையும் தோட்டத்தையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்திருந்தார்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். தளங்கள் தென்கிழக்கு நோக்கியவை. ஆகையால் காலை வெயிலில்தான் அவற்றின் அழகு முழுமையாகத் தெரியும். காலையில் தோட்டத்தைப் பாருங்கள். அறைகளை நண்பகலுக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். பூக்களை விரும்புகிறவர் ஜூன், ஜூலையில் போகலாம். யூ மரங்களையும் நிறம் மாறிய இலைகளையும் விரும்புகிறவர் அக்டோபர் வரை பொறுக்கலாம். குளிர்காலத்தில் அறைகள் திறந்திருக்கும் நேரம் குறையும். முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. படிகள் செங்குத்தானவை, மழை பெய்தால் வழுக்கும். செருப்புக்குப் பதில் கெட்டியான பூட்ஸ் அணிந்து செல்லுங்கள். எந்த மாதமாயினும் ஒரு கம்பளிச் சட்டை கையிலிருக்கட்டும். காட்சிச்சாலையிலிருந்து வெளியே வந்ததும் நேரே ரயிலடிக்கு ஓடாமல், எதிர்மேட்டுக்கு ஒருதரம் ஏறிச் சென்று, அங்கிருந்து கோட்டையை மறுபடியும் பாருங்கள். வெல்ஷ்பூலிலிருந்து திரும்பும் வண்டிகள் அடிக்கடி இல்லையாதலால், நேரத்தை முன்பே குறித்துக்கொண்டு ஏறுங்கள்.